வக்கணையனின் பத்தாம் நாள்

"அஞ்சு நிமிசம் சார். மேலுக்குத் தொடைச்சு, வேட்டி மாத்தி, சாச்சு உக்கார வச்சிட்டுக் கூப்பிடுதேன். இப்பமே பாத்தீங்கன்னா உங்களுக்கும் சங்கடம், அவங்களுக்கும் சங்கடம்" என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டு முப்பிடாதி உள்ளே போனாள். அருமைநாயகம் கைப்பிடி உடைந்த நாற்காலியில் அமர்ந்து, மடியிலிருந்த துணிப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பைக்குள் ஒரு தாம்பாளம், அதன் மேல் தேங்காய், வெற்றிலை, பாக்கு, மடிப்புக் கலையாத ஒரு வேட்டி. தேங்காய் உருண்டு உருண்டு முழங்காலில் இடித்தது. எழுபத்தொரு வயதில் இப்படியொரு பையைத் தூக்கிக்கொண்டு, தம் பள்ளியில் மணி அடித்துக்கொண்டிருந்த ஒருவனின் வீட்டு வாசலை மிதிப்போம் என்று அவர் நினைத்ததில்லை. ஒருவனின் என்று நினைத்தவுடனே ஒருவரின் என்று மனத்துக்குள் திருத்தினார். ஓர் எழுத்தைத் திருத்துவது எத்தனை சுலபம். திரை என்பது பழைய வெள்ளைச் சேலை. அதற்கு அப்பால் மேற்குப் பார்த்த சன்னல் இருக்க வேண்டும். மூன்று மணி வெயில் பின்னாலிருந்து அடிக்க, முப்பிடாதியின் கைகள் நிழலாக அசைவதும், அவை இன்னொரு கையைத் தூக்குவதும், தூக்கிய கை தானாக நிற்காமல் தொய்ந்து விழுவதும் சேலையில் தெரிந்தன. பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பினார். பிறகு மறுபடியும் பார்த்தார். பார்ப்பதுதானே இத்தனை காலமும் அவருடைய தொழிலாக இருந்தது. பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்தார், வீட்டுக்கு வந்து எழுதினார், பார்த்தார், எழுதினார், பிள்ளைகளுக்கான பன்னிரண்டு கதைப் புத்தகங்கள். பன்னிரண்டின் அட்டையிலும் ஒரே முகம், இடப்பக்கம் கோணிய வாய், ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கிய உடம்பு, கோமாளி வக்கணையன். "எப்பா, கையக் கொஞ்சம் இளக்கி விடுங்க. யாரு வந்திருக்கா தெரியுமா?" என்றாள் முப்பிடாதி உள்ளே. பதிலாக ஓர் இருமல் வந்தது.

போன செவ்வாய்க்கிழமைதான் அவளை வங்கியில் பார்த்தார். ஓய்வூதியக்காரர்கள் தாம் உயிரோடிருப்பதைக் காட்டிக் கையெழுத்திடும் வரிசை. தகப்பனாரால் வர முடியவில்லை, வீட்டுக்கு வந்து பார்ப்பீர்களா என்று அவள் அலுவலரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள், திரும்பியவள் அவரைக் கண்டு, "சார், சொகமா இருக்கீங்களா? அப்பா விழுந்துட்டாங்க சார், ஆறு மாசமாச்சு, எடது பக்கம் வெளங்கல. பழைய நெனைப்பும் வருது போவுது" என்றாள். ஐம்பது வயதிருக்கும், நரைத்த வகிடு, அவருக்குத் தெரியவில்லை. "யாரும்மா உங்கப்பா?" என்று கேட்டார். அவள் ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, தெருப் பெயரைச் சொல்வதுபோல, கோபமும் இல்லாமல் வெட்கமும் இல்லாமல், "வக்கணையன் மக சார் நான்" என்றாள். வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அருமைநாயகத்துக்கு உடனே தெரிந்துவிட்டது, எட்டாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண், பியூன் வெயிலுமுத்துவின் மகள். அந்த 'உடனே'தான் அன்று முதல் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. வெயிலுமுத்து மகள் என்று அவள் சொல்லியிருந்தால் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கும் என்று ஒரு மனம் சொல்லியது. கொஞ்சம் யோசித்தபிறகு தெரிந்திருக்கும் என்று இன்னொரு மனம் சொல்லியது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று மூன்றாவதாக ஒன்று கேட்டது. அந்த மூன்றாவதுதான் வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை, ஞாயிறு ஆராதனையின்போதும் விடாமல் கேட்டது. ஒரு மனிதனின் பெயரைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றை ஒட்டிவிட்டு, அதன்பின் ஒட்டியதைக்கொண்டே அவனை அடையாளம் காண்கிற கை யாருடையது? அவள் அந்தப் பெயரைச் சொன்னது ஊருக்காக அல்ல, தமக்காகத்தான் என்று இப்போது தோன்றியது. சாருக்குப் புரிகிற பாஷையில் சொல்லியிருக்கிறாள்.

பாவைக்கூத்துக்காரர் சங்கோஜி ராவ் தம் கூட்டத்தோடு இந்த ஊருக்கு வந்தபோது அருமைநாயகத்துக்கு இருபத்தாறு வயது, வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். ராவுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். பள்ளி மைதானத்தில் திரை கட்டுவதற்கு முன்னால் ராவ் இரண்டு நாள் தேநீர்க் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தார். "என்ன வே, தொழிலுக்கு வந்தீரா, டீ குடிக்க வந்தீரா?" என்று இவர் கிண்டலாகக் கேட்டதற்கு, "ஆள் தேடுதேன் சார். எங்க வக்கணையனுக்கு உடம்பு மட்டுந்தான் தோல்ல செஞ்சு வச்சிருக்கோம். கொரலும் நடையும் அந்தந்த ஊர்ல வாங்கிக்கிடணும்" என்றார் ராவ். அவருடைய கூட்டத்தின் முறை அது. போகிற ஊரில், கூப்பிட்டால் சிரித்துக்கொண்டு திரும்புகிற ஒருவனைத் தேர்ந்துகொள்வார்கள். ஒன்பது நாளும் திரையில் கோமாளிப் பாவை அவனைப் போல் பேசும், அவனைப் போல் நடக்கும், ஊர் வயிறு வலிக்கச் சிரிக்கும். பத்தாம் நாள் சாயங்காலம், திரையை அவிழ்ப்பதற்கு முன், அந்தப் பாவையைத் தாம்பாளத்தில் படுக்க வைத்து, தேங்காய் வெற்றிலை பாக்கு புதுவேட்டியோடு அவன் வீட்டுக்குப் போவார்கள். ஊரும் பின்னால் போகும். அவன் அந்தப் பாவையின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட வேண்டும். விட்டுவிட்டுத் தாம்பாளத்தை வாங்கிக்கொள்வான். அதோடு அந்தக் குரல் அவனிடம் திரும்பிவிட்டது. ராவ் அடுத்த ஊரில் அதை எடுக்க மாட்டார், எவ்வளவு கைதட்டல் கிடைத்திருந்தாலும் எடுக்க மாட்டார். அந்த வருஷம் ராவ் தேர்ந்தது வெயிலுமுத்துவை. பள்ளியில் பியூனாகச் சேர்ந்த புதிது. சின்ன வயதுக் காய்ச்சலில் வலது முகம் செத்து, வாய் இடப்பக்கமாக இழுத்திருந்தது. பேச்சின் வாலை இரண்டு தரம் சொல்வான், வாரேன் சார், வாரேன். இல்லை சார், இல்லை. பத்தாம் நாள் அவன் பாவையை அறைந்ததை அருமைநாயகம் முன்வரிசையில் நின்று பார்த்தார். அறைந்துவிட்டு அவன் சிரித்தான், அந்தக் கோணிய வாய் முழுக்கத் திறந்து சிரித்தான், ஊர் ஓவென்று கத்தியது, ராவ் கையெடுத்துக் கும்பிட்டார். முடிந்தது. ஒரு சிரிப்பு உரியவனிடம் போய்ச் சேர்ந்தது. அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் அருமைநாயகத்தின் சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு இருந்தது. ஒன்பது நாளும் அவர் குறித்து வைத்திருந்தார்.

"திரும்புங்கப்பா. இந்தப் பக்கம். ஐயோ, என்ன கனம் கனக்கீங்க" என்றது திரைக்குள் குரல், வாளியில் துணி பிழியும் சத்தம். அருமைநாயகம் பிரார்த்தனை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்வதுண்டு. குயவன் ஒருவன் அடுத்த வீட்டுக்காரனின் சப்பை மூக்கை ஈரக்களிமண்ணில் செய்து காட்டினான். அடுத்த வீட்டுக்காரனும் சிரித்தான், பிசைந்தால் போகிற மண்தானே. இரவோடிரவாகக் குயவன் அதைச் சூளையில் வைத்துவிட்டான். மறுநாள் சந்தையில் அந்த மூக்கு பானையின் கழுத்தாகவும் விளக்கின் பிடியாகவும் விலைபோனது. பிள்ளைகளே, சொல்வதற்கு முன் யோசியுங்கள், சூளைக்குப் போனது மண்ணாகத் திரும்பாது. இந்தக் கதையைக் கம்பீரமாகச் சொல்லிவிட்டு, மதியம் பதிப்பகத்துக்கு அடுத்த வக்கணையன் கையெழுத்துப் பிரதியைத் தபாலில் சேர்த்த நாள்கள் உண்டு. அவருக்கு அது உறுத்தவே இல்லை. நீதி சொல்கிறவனுக்கு நேர்கிற பெரிய ஆபத்து இதுதான். விளக்கைப் பிறருக்கு உயர்த்திப் பிடிக்கிறவனின் காலடியில்தான் இருட்டு கூடுதலாக இருக்கிறது. இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், அடுத்தவரை நோக்கி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம், முதலில் தம் கையில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொள்ளட்டும். முதல் புத்தகம் 'வக்கணையனும் வாழைத்தாரும்' வந்ததும், பக்கத்து ஊரில் கூத்து நடத்திக்கொண்டிருந்த ராவிடம் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ராவ் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர். படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார், சிரித்தார், கடைசிப் பக்கத்தைத் திருப்பினார், அதற்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று அட்டையையும் திருப்பினார். "எல்லாம் இருக்கு சார். பத்தாம் நாள் எங்க?" என்றார். அருமைநாயகம் நன்றி சொன்னார். எத்தனை நுட்பமான கலைஞன், முடிவு சப்பென்று இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான் என்று பேருந்தில் வரும்போது வியந்தார். வீட்டுக்கு வந்து இரண்டாம் பதிப்புக்கு ஒரு கடைசிப் பக்கம் எழுதினார். அதில் ஊரார் கூடி வக்கணையனின் கன்னத்தில் பளார் என்று ஓர் அறை விடுவார்கள். "நான் இல்லை சாமி, நான் இல்லை" என்று அவன் அலறுவான். கன்னத்தில் ஐந்து விரல் சிவந்திருக்கும். பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம்தான் உயிராகிவிட்டது. பிறகு வந்த பதினொரு புத்தகமும் அந்த அறையில்தான் முடியும். குரலை உடையவன் கை பாவையை அறைய வேண்டிய இடத்தில், ஊரின் கை உடையவனை அறைவதாக அவர் எழுதிவிட்டார். முறையின் தோலை மட்டும் எடுத்து உள்ளே இருந்ததைத் தலைகீழாக்கிவிட்டார். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு நாற்பத்தைந்து வருஷம் ஆயிற்று, அதுவும் இந்த வாரத்தில்.

கண்டுபிடிக்காமல் இருக்க வழியே இல்லையே, கண்முன்னால்தானே நடந்தது. முதலில் ஆறாம் வகுப்புப் பையன்கள். வெயிலுமுத்து சுற்றறிக்கைப் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் போவான், பின்னாலிருந்து ஒருவன் ஓடிவந்து கன்னத்தில் தட்டிவிட்டு "பளார்!" என்று கத்திக்கொண்டு ஓடுவான், அடுத்த வகுப்புக்குள்ளிருந்து நாற்பது குரல்கள் "நான் இல்லை சாமி, நான் இல்லை" என்று பாடும். வெயிலுமுத்து சிரிப்பான். அவன் சிரித்தானே என்பதை அருமைநாயகம் பலமுறை தமக்குச் சாட்சியாக அழைத்திருக்கிறார். அந்தச் சாட்சி இன்று கூண்டில் ஏற மறுக்கிறது. பாவையை அறைந்த அன்று சிரித்த சிரிப்பை அவர் பார்த்திருக்கிறார். இந்தச் சிரிப்பு அந்தச் சிரிப்பு இல்லை. வாய் ஒரே பக்கம்தான் கோணும், ஆனால் கண்கள் கீழே பார்க்கும். அந்த வித்தியாசம் தெரியாதவரா அவர்? ஒரு கதாபாத்திரத்தின் கண் எங்கே பார்க்கிறது என்பதைப் படம் வரைகிறவருக்கு அரைப்பக்கம் கடிதம் எழுதுகிறவர். அருமைநாயகம் தலைமையாசிரியர் ஆனபிறகு ஒருநாள், ஆசிரியர் அறையிலேயே கணக்கு வாத்தியார் வெயிலுமுத்துவின் கன்னத்தில் தட்டினார், "என்ன வே வக்கணையா, புது புஸ்தகம் வந்திட்டாம்லா, உமக்குப் பங்கு உண்டா?" என்று. எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் என்பதில் அருமைநாயகமும் உண்டு. அன்றைக்கு முப்பிடாதி ஏதோ விடுமுறைக் கடிதத்தோடு வாசலில் நின்றாள். பார்த்தாள். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும். வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு இழுத்து, 'இடைநின்றார்' என்று அவருடைய அழகான கையெழுத்தில் எழுதினார். வெயிலுமுத்துவைக் கூப்பிட்டு, பெண்பிள்ளையைப் படிக்க வைக்காமல் போனால் சமுதாயம் எப்படி உருப்படும் என்று கால்மணி நேரம் அறிவுரை சொன்னார். "சரி சார், சரி" என்று கேட்டுக்கொண்டு நின்றான் அவன், தலைமையாசிரியர் மேசையின் முனையைத் துடைத்துக்கொண்டே. மேசையில் தூசி இருக்கவில்லை. இப்போது நினைத்தால் அந்தத் துணி மேசையில் போய்வந்த சத்தம் கேட்கிறது; இல்லை, அது திரைக்குள்ளிருந்து வருகிறது, முதுகைத் துடைக்கிறாள் போலும்.

கைப்பேசி சட்டைப்பையில் அதிர்ந்தது. எடுக்கவில்லை, யாரென்று தெரியும். பதிப்பகத்தில் தகப்பனாருக்குப் பிறகு பொறுப்பேற்றிருக்கும் இளைஞன். "பன்னிரண்டையும் ஒரே தொகுதியா, கெட்டி அட்டை, முழுக் கலர்ல கொண்டு வர்றோம் சார். புது ஓவியர், பிரமாதமா பண்ணியிருக்காங்க. உங்க சம்மதக் கடிதத்துல கையெழுத்து மட்டும் பாக்கி. இன்னைக்குச் சாயங்காலம் போட்டோ எடுத்து அனுப்பிட்டீங்கன்னா நாளைக்கு அச்சுக்குப் போயிரும்" என்று காலையிலும் பேசினான். அந்தக் கடிதம் துணிப்பையில்தான் இருக்கிறது, வேட்டி மடிப்புக்கு அடியில். ஏன் அதை இங்கே கொண்டுவந்தார்? வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாமே. நியாயமாகக் கேட்டுப்பார்த்தால், அருமைநாயகம், நீர் மன்னிப்பு வாங்க வந்தீரா, அனுமதி வாங்க வந்தீரா? தாம்பாளத்தைக் கொடுப்போம், கன்னத்தைக் காட்டுவோம், அந்த மனிதர் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அழுவார் அல்லது சிரிப்பார், நாமும் அழுவோம், பத்தாம் நாள் முடிந்துவிடும், திரும்பும்போது தெருமுனையில் நின்று நிம்மதியாகக் கையெழுத்தைப் போட்டுவிடுவோம். அப்படித்தானே நினைத்தீர்? புதிய பதிப்புக்கு 'நன்றியுரை' ஒன்றுகூட மனத்தில் பாதி எழுதி வைத்திருந்தீரே, பணிவான நல்ல வாக்கியங்கள். ஆம் என்றது உள்ளே. எழுந்து போய்விடலாம் என்றும் சொன்னது. மாத்திரை நேரம் என்று சொல்லிப் போய்விடலாம், முப்பிடாதி ஒன்றும் நினைக்க மாட்டாள், நினைத்தாலும் சொல்ல மாட்டாள். எழாமல் அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் ஒரு நாட்காட்டி, ஒரு கண்ணாடி, தொலைக்காட்சிக்கு மேல் மாத்திரை அட்டைகள். புத்தகம் ஒன்றும் இல்லை. தேடிப் பார்க்கிறோமே என்று அதற்கும் வெட்கினார்; ஒரு பிரதிகூட அவர் இந்த வீட்டுக்குக் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் இழிவாக இருந்திருக்கும், கொடுக்காததும் இழிவாக இருக்கிறது. அந்த மனிதர் என்ன சொல்வார் என்ற பயத்தைவிட, ஒன்றும் சொல்லாமல் 'சரி சார், சரி' என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் பெரிதாக இருந்தது. மனம் விட்டு அடிப்பதற்குக்கூட, எதிரே நிற்கிறவன் தனக்குச் சமம் என்று ஒரு நினைப்பு வேண்டுமே. அதையும் அல்லவா எடுத்துக்கொண்டோம்.

"வாங்க சார்" என்று முப்பிடாதி சேலையை விலக்கினாள். கட்டிலில், மூன்று தலையணைகளுக்கு நடுவில், துவைத்த வேட்டியும் நெற்றியில் திருநீறுமாக ஒரு கிழவர் சாய்ந்திருந்தார். அருமைநாயகம் வீடு தவறி வந்துவிட்டதாக நினைத்தார். அந்த முகத்தில் கோணல் இல்லை. வாய் நேராக இருந்தது. குழந்தையில் செத்தது வலப்பக்கம். இந்த வாதம் இடப்பக்கத்தையும் இழுத்துத் தளர்த்திவிட, இரண்டு பக்கமும் சமமாகி, எழுபத்தெட்டு வயதில் வெயிலுமுத்துவின் முகம் எல்லாருடைய முகத்தையும்போல் ஆகியிருந்தது. அகலமான, அமைதியான, பார்த்தால் பெரிய மனுஷன் என்று எழுந்து நிற்கத் தோன்றுகிற முகம். எந்தப் புத்தகத்தின் அட்டையிலும் இல்லாத முகம். "எப்பா, சார் வந்திருக்காங்க. எட்மாஸ்டர் சார்" என்றாள் மகள். கிழவரின் கண்கள் வந்தவரின் சட்டை, கண்ணாடி, கையிலிருந்த பை ஆகியவற்றின் மேல் மெல்ல நகர்ந்தன. யாரென்று தெரிந்ததாகத் தெரியவில்லை. ஆனால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தன்னைப் பார்க்க வந்து நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த உடம்புக்குத் தெரிந்திருந்தது. விளங்கும் வலது கையை அவர் தூக்கினார். சுட்டுவிரலை வாயின் இடது ஓரத்தில் மாட்டினார். இழுத்தார். நேராக இருந்த வாய் கோணியது, அட்டைப்படம் போலக் கோணியது. "நான் இல்லை சாமி, நான் இல்லை" என்றார் கீச்சுக்குரலில். பிறகு அதே கையை விரித்து, "பளார்" என்று சொல்லி, தம் கன்னத்தில் தாமே அறைந்துகொண்டார். அறைந்துவிட்டு, சிரிக்கிறாரா என்று அருமைநாயகத்தின் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை என்று கண்டு, சரியாகச் செய்யவில்லையோ என்ற கவலையோடு விரலை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனார்.

"போதும்ப்பா. போதும், வேண்டாம்" என்று முப்பிடாதி அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தாள். "யாரு வந்தாலும் இப்படித்தான் சார். பாக்க வாரவங்க எல்லாம் ஒரு தரம் செய்யும் வே, செய்யும் வேன்னு கேட்டுக் கேட்டு, இப்பம் கேக்கவே வேண்டாம்னு ஆயிட்டு. கன்னம் செவந்து போவும், ராத்திரி எண்ணெய் தடவுவேன்." அருமைநாயகம் பையிலிருந்து தாம்பாளத்தை எடுத்தார். தேங்காய் உருண்டது. சொல்ல வேண்டியதையெல்லாம் வழியில் கோத்து வைத்திருந்தார். கன்னத்தைக் காட்டிக்கொண்டு சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று இருந்தது. தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்ட மனிதருக்கு முன்னால் அதைச் சொல்வது இன்னொரு கூத்தாக இருக்கும் என்று தெரிந்தது. தரையில் உட்கார்ந்தார். "ஐயையோ, கீழ உக்காராதீங்க சார்" என்றாள் அவள். "இருக்கட்டும்மா" என்றார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் ஒருமுறையும் அந்த மனிதரைக் கூப்பிட்டிராத விதத்தில், "வெயிலுமுத்து அண்ணாச்சி" என்று கூப்பிட்டார். கிழவர் அவரைப் பார்த்தார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்து, "ஏளா, யாரைக் கூப்பிடுதாரு, யாரை?" என்றார். "ஒங்களத்தாம்ப்பா." கிழவர் அந்தப் பதிலை ஏற்கவில்லை. வந்தவருக்கு உதவ வேண்டும் என்ற கரிசனத்தோடு யோசித்தார். "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லியே சார், இல்லியே" என்றார்.

தாம்பாளம் அருமைநாயகத்தின் கையிலேயே இருந்தது. வாங்கிக்கொள்ள வேண்டியவர் அங்கே இல்லை. "அந்தப் புஸ்தகங்கள் இனிமே வராதும்மா" என்று முப்பிடாதியிடம் சொன்னார். சொன்ன பிறகுதான், அது முடிவாகிவிட்டது என்று தமக்கே தெரிந்தது. தாம்பாளத்தை மடியில் வைத்து, வேட்டிக்கு அடியிலிருந்து கடிதத்தை உருவி நான்காகக் கிழித்தார். "நல்லது சார்" என்றாள் அவள். "ஏற்கெனவே இருக்கதை என்ன செய்வீங்க? இந்தத் தெருவுலயே வீட்டுக்கு ரெண்டு கெடக்கு. எம் பேத்திக்குப் பள்ளிக்கூடத்துல பரிசா அதத்தான் குடுத்தாங்க." அவள் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே அவரிடம் வழி இருக்கும் என்று கேட்பவள்போல் கேட்டாள். அவர் காகிதத் துண்டுகளைத் தாம்பாளத்திலேயே வைத்தார். கிழவரின் விரல் மறுபடியும் மெல்ல வாயை நோக்கி நகரத் தொடங்கியது. பேச்சு நின்றால் வந்தவர் சலித்துப்போவார், சலித்துப்போகாமல் பார்த்துக்கொள்வது தன் வேலை என்று அந்த விரல் நினைத்திருந்தது. அருமைநாயகம் அதைப் பிடித்துக்கொண்டார். எலும்பும் தோலுமான சூடான விரல். அந்த விரலை விடாமல் பேசத் தொடங்கினார், என்ன பேசப்போகிறோம் என்று தெரியாமலே. "ஒரு பள்ளிக்கூடத்தில் ஒருத்தர் இருந்தார். ஒரு ஐப்பசியில் ஆறு உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. கீழத்தெரு ஜனம் முழுக்கப் பள்ளிக்கூடத்து மாடியில் ஏறி நின்றார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. வாத்தியார்மார் எல்லாம் படியில் நின்று தண்ணீர் வடியட்டும், வடியட்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையைச் சுவரிலிருந்து கழற்றினார், மரப்பலகை, ஆறடி. அதில் அவளைப் படுக்க வைத்து, தன் வேட்டியால் கட்டி, மார்மட்டுத் தண்ணீரில் ஒண்டியாகத் தள்ளிக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போனார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அந்தப் பலகையைத் தலையில் சுமந்துகொண்டு வந்து, கழுவி, முதல் மணிக்கு முன்னால் திரும்பச் சுவரில் மாட்டினார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படியில் நின்று பார்த்த ஒருவன்..." விரலை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னார். "பார்த்த ஒருவன், ஒரு கோமாளி பலகையில் ஏறி வெள்ளத்தில் குப்புற விழுவதாக அதை எழுதினான். ஊர் சிரித்தது. அவர் விழவில்லை. அவர் விழவே இல்லை."

முப்பிடாதி சேலை முந்தியை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். கிழவர் கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். விரலை வாய்க்குக் கொண்டுபோக மறந்திருந்தார். அந்த நேரான அகன்ற முகத்தில், யாரோ ஒரு நல்லவரைப் பற்றிக் கேள்விப்படும்போது மனிதர்களுக்கு வருகிற மெல்லிய வெளிச்சம் வந்திருந்தது.

"நல்ல மனுசனா இருந்திருக்கான்" என்றார். தலையை ஆட்டி ஆட்டி அதை அனுபவித்தார். பிறகு அருமைநாயகத்தின் பக்கம் லேசாகச் சாய்ந்து, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "அப்புறம் அவனுக்கு என்ன ஆச்சு சார், என்ன ஆச்சு?"